கண்ணாடிப் பெட்டியும் அடுப்படிக் கையுறையும்: வலது கையோடு இரண்டே கால் வருஷம்

எனக்கு ஸ்ட்ரோக் வந்து இரண்டே கால் வருஷம் ஆகிறது. கால் நாலு மாசத்தில் தேறிவிட்டது, கோல் இல்லாமல் கடைத்தெரு வரை போய் வருகிறேன். கைதான் வம்பு. அதுவும் வலது கை. கையெழுத்து போனதைவிட இலையில் உட்கார்ந்து சாப்பிட முடியாததுதான் எனக்குப் பெரிய அடி. பத்து பேர் பந்தியில் இடது கையால் சோற்றைப் பிசைய மனசு வராமல் ஒரு வருஷம் எந்தக் கல்யாணத்துக்கும் போகவில்லை.

இந்தக் காலத்தில் நான் பயன்படுத்திப் பார்த்தவற்றில் மூன்றைப் பற்றி எழுதுகிறேன்.

முதலில் கண்ணாடிப் பெட்டி: முகம் பார்க்கிற கண்ணாடி பதித்த பெட்டி, நல்ல கையின் பிம்பத்தைக் காட்டி வராத கைதான் அசைகிறது என்று மூளையை நம்பவைக்கும். இரண்டாவது மாசம், விரல் ஒன்றுகூட அசையாதபோது பிசியோ சொன்னார். நம்மூர் ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்து அமெரிக்கா போன வி. எஸ். ராமச்சந்திரன், கை இழந்தவர்களுக்கு இல்லாத கையில் வரும் வலிக்காக 1990களில் கொண்டுவந்த யோசனை இது. 1999ல் ஸ்ட்ரோக் வந்த 9 பேரிடம் இதைச் சோதித்து லான்செட் என்ற மருத்துவ இதழில் எழுதினார்கள். 2018ல் 62 ஆய்வுகளை ஒன்றாக வைத்துப் பார்த்தவர்கள், வழக்கமான பயிற்சியோடு சேர்த்துச் செய்தால் கை அசைவு ஓரளவு கூடுகிறது என்றார்கள்.

எங்கள் தெரு ஆசாரி பிளைவுட்டில் செய்து கொடுத்தார். முதல் பெட்டி சின்னதாகப் போய்விட்டது. மணிக்கட்டோடு பிம்பம் வெட்டுப்பட்டு, யாரோ ஒருவர் கை மாதிரி தெரிந்தது. முழங்கை வரை தெரிகிற மாதிரி கண்ணாடி இருக்க வேண்டும். வராத கை கண்ணாடிக்குப் பின்னால், நல்ல கை முன்னால். இடது கையில் இருந்த மோதிரத்தையும் வாட்சையும் கழற்றச் சொன்னார் பிசியோ. ஏன் என்று கண்ணாடியைப் பார்த்ததும் புரிந்தது: என் வலது கையில் மோதிரம் கிடையாது, மோதிரம் போட்ட கையை மூளை தன்னுடையது என்று நம்பாது. கழற்றிவிட்டு இடது கையை மெல்ல மூடித் திறந்தேன். கண்ணாடிக்குள் என் வலது கை மூடித் திறந்தது. உடம்பெல்லாம் சிலிர்த்தது. அன்றைக்கு அழுதேன், மறைக்க ஒன்றுமில்லை.

தினம் அரை மணி நேரம். ஏழாவது வாரம் கட்டை விரல் லேசாக அசைந்தது. பெட்டியாலா, தானாகவே வந்ததா என்று கேட்டால் சொல்லத் தெரியாது. ஆனால் ஐந்தாவது மாசத்துக்கு மேல் பெட்டி சோம்பேறித்தனத்துக்குச் சாக்காகிவிட்டது. கண்ணாடியில் கை அழகாக ஆடுகிறது, வெளியே அது மடியில் சும்மா கிடக்கிறது.

அங்கேதான் கையுறை வந்தது: நல்ல கைக்கு உறை போட்டு முடக்கி, வராத கையை வேலை வாங்குவது. எட்வர்ட் டாப் என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளர் குரங்குகளை வைத்துக் கண்டது இது. உணர்ச்சி நரம்பை வெட்டிவிட்டால் குரங்கு அந்தக் கையைத் தொங்கவிட்டுவிடும். நல்ல கையைக் கட்டிப்போட்டால், வராது என்று விட்ட கையை மறுபடி நீட்டும். கை செத்ததைவிட, அதை விட்டுவிடப் பழகியதுதான் பெரிய கோளாறு என்றார். 2006ல் ஸ்ட்ரோக் வந்து 3 முதல் 9 மாசம் ஆன 222 பேரிடம் பெரிய ஆய்வு நடந்தது. இரண்டு வாரம், விழித்திருக்கும் நேரத்தில் 90 சதவீதம் நல்ல கையில் உறை. ஒரு வருஷம் கழித்துப் பார்த்தபோதும் பலன் நின்றிருந்தது.

எல்லோருக்கும் ஆகாது. மணிக்கட்டும் விரல்களும் குறைந்தது 10 டிகிரியாவது தானே நிமிர வேண்டும். எட்டாவது மாசம் பிசியோ அளந்து பார்த்துச் சரி என்றார். ஆனால் 90 சதவீதம் என்பது காகிதம் வைத்துத் துடைக்கிற ஊர்க் கணக்கு. எனக்குக் கட்டிப்போட வேண்டியதோ இடது கை! நானும் பிசியோவும் பேசி, காலை டிபனிலிருந்து மூன்று மணி நேரம் என்று வைத்துக்கொண்டோம். சூடான பாத்திரம் பிடிக்கிற துணிக் கையுறைதான் போட்டேன். ஐந்து வாரம்.

இட்லி சுலபம். சோறுதான் சோதனை. ஐந்து விரலும் குவிய வேண்டும், சோற்றை அள்ள வேண்டும், வாய்க்குக் கிட்டே வந்ததும் கட்டை விரல் தள்ள வேண்டும். எனக்குக் கை குவியும், தள்ளாது. பாதி சட்டையில். முதல் வாரம் ஒரு சாப்பாடு 50 நிமிஷம் ஆனது. கெட்டித் தயிர் சாதத்தில் தொடங்குங்கள், சாம்பார் சாதம் மூன்றாவது வாரம் போதும். சின்ன வெங்காயம் உரிப்பது, வேர்க்கடலை உடைப்பது, துணி கிளிப் மாட்டுவது எல்லாம் ரப்பர் பந்தைப் பிசைவதைவிட நல்ல பயிற்சி.

மூன்றாவது, ஆன்லைனில் 6,500 ரூபாய்க்கு வாங்கிய காற்றுக் கையுறை. மோட்டார் விரலை விரிக்கும், மடக்கும். நாம் டிவி பார்க்கலாம். இறுக்கம் தளர்வதால் இரவில் சுகமாக இருந்தது. மூன்றே மாசத்தில் குழாய் ஒழுகியது. விற்றவர்கள் போனை எடுக்கவில்லை. கையை நீங்கள் அசைக்காமல் மோட்டார் அசைத்து என்ன ஆகப்போகிறது? வாங்க வேண்டாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். முதல் ஆறு மாசம் என் மனைவிதான் பயிற்சி கொடுத்தாள். "என்னங்க, இன்னும் பத்து தடவை" என்பாள், நான் எரிந்து விழுவேன். அவள் அழுதுகொண்டே எண்ணுவாள். நர்சிங் படிக்கும் என் மகள் ஓர் ஆய்வை எடுத்துக் காட்டினாள்: இந்தியாவில் 14 மருத்துவமனைகள், 1,250 நோயாளிகள், 2017ல் வெளியானது. வீட்டு ஆளுக்குப் பயிற்சி கொடுத்து அனுப்பிய குழு, வழக்கமான கவனிப்புக் குழு. ஆறு மாசம் கழித்து, இறந்தவர்களும் பிறர் உதவி இல்லாமல் முடியாதவர்களுமாக இரண்டிலும் 100க்கு 47 பேர். துளி வித்தியாசம் இல்லை. அதைப் படித்த அன்றே மனைவியை அந்த வேலையிலிருந்து விடுவித்தேன். வாரம் இருமுறை 500 ரூபாய் கொடுத்துப் பிசியோ வருகிறார். அவரிடம் எரிந்து விழ முடியாது.

போன தை மாசம் அக்கா மகன் கல்யாணம். ஓரத்து இலையாகப் பார்த்து உட்கார்ந்து, சாம்பார் வரை வலது கையால் சாப்பிட்டேன். ரசம் இன்னும் விரலிடுக்கில் ஓடுகிறது. டம்ளரில் வாங்கிக் குடித்தேன். பெட்டி இப்போது பின் தெருவில் ஒருவர் வீட்டில் இருக்கிறது, அவருக்கு வராதது இடது கை. மோதிரத்தைக் கழற்றச் சொல்லித்தான் கொடுத்திருக்கிறேன்.