தேரிக்காட்டு டிரெய்லரில் நான்கு பேட்டரிகள்: சுவர் மின்சாரமா, சூரியத் தகடா?

சாத்தான்குளம் பக்கம் தேரி மணலில் ஏடிவி எனும் நாலு சக்கர மணல் வண்டிகளை வாடகைக்கு விடும் அண்ணாச்சி ஒருவர், நான்கு வண்டிகளையும் அடைத்த தகர டிரெய்லர் ஒன்றில் வைத்திருக்கிறார். விடுமுறை வந்தால் வண்டிகள் வெளியே வரும். மற்ற நாளெல்லாம் பனங்காட்டு ஓரத்தில் பூட்டிக் கிடக்கும். “தம்பி, எந்தச் சார்ஜரை வாங்கிப் போடலாம்?” என்று கேட்டார். பதிலைத் தொடங்க வேண்டிய இடம் சார்ஜர் அல்ல, வெயில்.

மூடிய ஈய அமில பேட்டரி ஒன்று 25 டிகிரியில் சும்மா இருந்தாலே மாதத்துக்குச் சுமார் 3 முதல் 5 சதவீதம் இறங்கும். வெப்பம் 10 டிகிரி கூடினால் இந்த இழப்பு ஏறக்குறைய இரு மடங்காகும். சித்திரை வெயிலில் தகரப் பெட்டிக்குள் 45 டிகிரி ஏறினால் நான்கு மடங்கு. இதோடு வண்டியின் கடிகாரமும் ஜிபிஎஸ் கருவியும் ஓசையில்லாமல் குடிக்கும் மின்சாரத்தையும் சேர்க்க வேண்டும். 10 மில்லி ஆம்பியர்தானே என்று விட்டால், மாதத்தில் 7 ஆம்பியர் மணி போய்விடும். 14 ஆம்பியர் மணி பேட்டரிக்கு அது சரிபாதி. ஓய்வில் 12.4 வோல்ட்டுக்குக் கீழே நெடுநாள் கிடந்தால் தகடுகளில் சல்பேட் இறுகத் தொடங்கும். பிறகு எந்தச் சார்ஜரும் பழைய பலத்தை முழுதாகத் திருப்பித் தராது.

நிறுத்தும் இடத்தில் நல்ல மின் இணைப்பு இருந்தால் யோசிக்கவே வேண்டாம், சுவர் மின்சாரம்தான். ஒரே பெட்டியில் நான்கு தனித்தனி வெளியீடு உள்ள பராமரிப்புச் சார்ஜர், அதாவது நிற்கும் பேட்டரியை நிரம்பியபடியே வைத்திருக்கும் சார்ஜர் கிடைக்கிறது. நான்கு பேட்டரிகளையும் இணையாகக் கோத்து ஒரே சார்ஜரில் மாட்டுவதை நான் ஒப்பமாட்டேன். ஒன்று கெட்டால் மற்ற மூன்றையும் அது உறிஞ்சும். வாங்கும்போது இரண்டு விஷயம் பார்க்க வேண்டும். முதலாவது, வெப்பநிலைக்கேற்ப வோல்ட்டைக் குறைக்கும் வசதி. 25 டிகிரியில் 13.6 வோல்ட் சரி. 45 டிகிரியில் அது சுமார் 13.25 ஆக இறங்க வேண்டும். இறங்காவிட்டால், காக்க வந்த சார்ஜரே பேட்டரியை வறட்டிவிடும். இரண்டாவது, மின்சாரம் போய்த் திரும்பினால் தானாகவே வேலையைத் தொடர வேண்டும். சில மலிவுச் சார்ஜர்களில் மறுபடி பொத்தானை அழுத்த வேண்டும். மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்வாரியம் பகலெல்லாம் நிறுத்திய பிறகு, அந்தப் பனங்காட்டில் யார் போய் அழுத்துவது? இவற்றோடு, டிரெய்லர் உடலுக்கு எர்த்தும் மின்கசிவு கண்டதும் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபியும் கட்டாயம். தகரப் பெட்டிக்குள் 230 வோல்ட் கொண்டுபோகிறவர் இதில் சிக்கனம் பார்க்கவே கூடாது.

அண்ணாச்சியின் இடத்திலோ மின்கம்பம் வெகுதூரம். ஆகவே சூரியத் தகடு. பலர் பெரிதாகக் கற்பனை செய்து பயப்படுகிறார்கள். தேவை மிகச் சிறியது. வண்டிக்கு நாளொன்றுக்கு 0.24 ஆம்பியர் மணி, பேட்டரியின் சொந்த இழப்பு ஏறக்குறைய 0.1, தகட்டுக்கும் பேட்டரிக்கும் நடுவே இருக்கும் சார்ஜ் கட்டுப்படுத்தி தானே எடுத்துக்கொள்வது இன்னொரு 0.24 அளவுக்கு. மொத்தம் 0.6-ஐத் தாண்டாது. நம் ஊரில் ஐந்து மணி நேர நல்ல வெயில் கிடைத்தால், 10 வாட் தகடு இழப்பெல்லாம் போக 2.7 ஆம்பியர் மணி தரும். கணக்குப்படி தாராளம். ஆனால் ஐப்பசி, கார்த்திகையில் மேகம் கவிந்து ஐந்தில் ஒரு பங்குதான் வரும் நாட்களில் அது 0.5 ஆகச் சுருங்கும். அதோடு தேரியின் செம்மண் தூசி காற்றோடு வந்து தகட்டில் படிந்துவிடும். அதனால் வண்டிக்கு ஒன்று வீதம் 20 வாட் தகடு, ஒவ்வொன்றுக்கும் தனிக் கட்டுப்படுத்தி, பேட்டரி முனைக்கு அருகிலேயே ஃபியூஸ் என்றுதான் சொல்வேன். பொதுவாக ஒரே பெரிய தகடு போட்டால் செலவு கொஞ்சம் குறையலாம். ஆனால் ஒரு கட்டுப்படுத்தி போனால் நான்கு வண்டியும் சேர்ந்து படுத்துவிடும்.

சூரியத் தகட்டில் ஒரு இன்வெர்ட்டர் வைத்து, அதில் சுவர்ச் சார்ஜரை மாட்டும் ஏற்பாட்டையும் பார்த்திருக்கிறேன். இரண்டு முறை மாற்றி இரண்டு முறையும் இழப்பது வீண்.

டிரெய்லரை இழுக்கும் ஜீப்பின் ஆல்டர்நேட்டரிலிருந்து, அதாவது எஞ்சின் சுற்றும்போது மின்சாரம் தரும் கருவியிலிருந்து, வயர் இழுப்பது மூன்றாவது வழி. நீண்ட மெல்லிய வயரிலேயே வோல்ட் விழுந்துவிடும். புதிய வண்டிகளில் ஆல்டர்நேட்டரே தேவைக்கேற்ப வோல்ட்டைக் குறைத்துக்கொள்ளும். வரும் வோல்ட் ஏறி இறங்கினாலும் பேட்டரிக்குச் சரியான வோல்ட் தரும் டிசி-டிசி சார்ஜர் போட்டால் இது தீரும். ஆனால் திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூர் வரை போகும் நேரத்தில் இறங்கிய பேட்டரி முழுதாக நிரம்பாது, கடைசிப் பகுதி மெதுவாகத்தான் ஏறும். நிற்கும் வாரங்களுக்கோ இதனால் பயனே இல்லை.

பேட்டரியைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோவது? ஒரே வண்டி வைத்திருப்பவருக்கு அதுவே முதல் தரம். வீட்டு நிழல், சிறிய சார்ஜர், போதும். கழற்றும்போது நெகடிவ் முதலில், மாட்டும்போது கடைசியில். நான்கு வண்டிக்கு, விடுமுறைக்கு விடுமுறை இருக்கையைத் தூக்கி நட்டுத் தேடும் வேலையை யாரும் நீடித்துச் செய்யமாட்டார்கள்.

லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி போட்டவர்களுக்கு இந்தக் கதையெல்லாம் வேண்டியதில்லை. பாதிக்குச் சற்று மேலே நிரப்பி, வயரைக் கழற்றி வைத்தால் மாதக்கணக்கில் தாங்கும். சல்பேட் நீக்கும் வசதியுள்ள சார்ஜரை மட்டும் அதில் மாட்டக்கூடாது.

எந்த வழியானாலும் டிரெய்லரின் மேற்பகுதியில் காற்றுத் துளைகள் வேண்டும். ஈய அமில பேட்டரி சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் கசியலாம். காற்றில் 4 சதவீதம் சேர்ந்தாலே பற்றக்கூடியது அது. மேலே துளை வைத்தால் பெட்டியின் சூடும் இறங்கும்.

அண்ணாச்சியிடம் நான்கு தகடுகளையே சொன்னேன், வாரம் ஒருமுறை ஈரத்துணியால் துடைக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. மாட்டிய முதல் வாரம், வெயில் ஏறும் முன் விடியற்காலையில் மல்டிமீட்டர் வைத்துப் பார்க்கட்டும். 12.7-க்குக் குறையாமல் நின்றால் ஏற்பாடு சரி. தொடர்ந்து 12.5-க்குக் கீழே காட்டினால் தகட்டைக் குறை சொல்லும் முன் அந்த வண்டியின் ஜிபிஎஸ் வயரைக் கழற்றிவிட்டு மறுநாளும் அளக்க வேண்டும்.