திபெத்தியக் கிராமத்து வீட்டுக்கு எந்தக் கழிப்பறை: ஃபிளஷா, குழியா, உலர் முறையா?

சுமார் 4,000 மீட்டர் உயரம். குளிர்கால இரவில் மைனஸ் 15, 20 டிகிரி. இப்படிப்பட்ட ஊரில் ஃபிளஷ் கழிப்பறை முதல் குளிர்காலத்தையே தாண்டாது. கோப்பையின் வளைவில் தேங்கும் தண்ணீர் உறைந்து விரிந்து பீங்கானைப் பிளந்துவிடும். குழாயை உறைபனி எட்டாத ஆழத்தில் புதைத்தாலும், 10 டிகிரிக்குக் கீழே செப்டிக் டேங்கின் நுண்ணுயிரிகள் மந்தமாகிவிடும். கசடு செரிக்காமல் சேரும், உறிஞ்சி எடுக்க லாரியும் வராது. சூடேற்றிய விடுதிக்கு இது சரி, வீட்டுக்கு வேண்டாம்.

குழி மலிவுதான். ஆனால் ஆற்றோரப் பள்ளத்தாக்கில் நிலத்தடி நீரைக் கெடுக்கும், மேட்டில் பாறை தடுக்கும். பார்லி வயலுக்கு எருவும் கிடைக்காது.

அங்கே பழைய வீடுகளில் உள்ள உலர் முறையே மேல்: மாடியில் துளை, கீழே அறை, மேலே தூவச் சாம்பலும் மண்ணும், வசந்தத்தில் அள்ளி வயலுக்கு. கோளாறு எங்கே என்றால், கீழே ஒரே அறை. நேற்று விழுந்ததும் பழையதோடு சேர்ந்து வயலுக்குப் போகிறது. நடுவே சுவர் எழுப்பி, மேலே இரண்டு துளை வைத்து, ஒன்று நிரம்பும்வரை மற்றதை மூடிவைத்து, மாற்றி மாற்றிப் பயன்படுத்தினால் இது தீரும்.

மலமும் சாம்பலுமாக ஆளுக்கு ஆண்டுக்கு 100 லிட்டர் என்று கணக்கிடுங்கள். ஆறு பேருக்கு இரண்டு ஆண்டுக்கு 1,200 லிட்டர். ஒவ்வோர் அறைக்கும் 1 மீ × 1.2 மீ தரை, 1.5 மீ உயரம் போதும். உயரத்தில் கஞ்சத்தனம் கூடாது. குளிரில் மலம் விழுந்த இடத்திலேயே உறைந்து கூம்பாக எழும், கம்பால் சாய்க்க வேண்டும்.

நிரம்பிய அறையை இரண்டு ஆண்டு தொடக்கூடாது. 2 முதல் 20 டிகிரி வெப்பநிலையில் ஒன்றரை முதல் இரண்டு ஆண்டு என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2006 வழிகாட்டல். உறைந்துவிட்டதால் கிருமி செத்தது என்று நம்ப வேண்டாம்; உருளைப்புழு முட்டை உறைபனியைத் தாங்கும்.

சிறுநீரைப் பிரித்துவிட்டால் நாற்றம் பெருமளவு குறையும். குழாய் 75 மி.மீ.க்குக் குறையாமல், வளைவில்லாமல், நல்ல சரிவோடு இருக்கட்டும். குறுகிய குழாய் உப்புப் படிந்தோ உறைந்தோ அடைத்துக்கொள்ளும். அடைத்தால் சிறுநீர் அறைக்குள் வழியும், அப்புறம் எத்தனை சாம்பல் போட்டாலும் ஈரம் போகாது.

அந்தச் சாம்பல் யாக் சாணி எரிக்கும் அடுப்பிலிருந்து வருவது. குப்பைக் கணக்கும் இங்கேதான் தொடங்குகிறது. நூடுல்ஸ் உறை, பிளாஸ்டிக், பேட்டரி அடுப்புக்குள் போனால், அவற்றின் நச்சுப் பொருள் சாம்பல் வழியாகக் கழிப்பறைக்கும் பார்லி வயலுக்கும் போகும். கண்ணாடி, தகரம், பேட்டரியைச் சாக்கில் சேர்த்து, நகரத்துக்குப் போகும் வண்டியில் ஏற்றுவதே நல்லது. ஊர்க்குழியில் கொட்டினால் காற்று பிளாஸ்டிக்கை மேய்ச்சல் நிலத்துக்குக் கொண்டுபோகும், யாக் தின்னும்.

அதைவிட அவசரமானது இறைச்சிக் கழிவு. கட்டி உள்ள ஈரல், நுரையீரலை நாய் தின்றால் அதன் குடலில் நாடாப்புழு வளரும். நாயின் சாணத்தில் வெளியேறும் புழு முட்டை மனிதருக்குள் போனால் ஈரலில் நீர்க்கட்டி. திபெத்தியப் பீடபூமியில் இந்நோய் பரவலாக உண்டு. அந்த உறுப்புகளை நாய் தோண்டாத ஆழத்தில் புதைத்து மேலே கல் அடுக்க வேண்டும். நாய்களுக்கு மாதந்தோறும் பிராசிகுவான்டல் என்ற நாடாப்புழு மருந்து கொடுக்க வேண்டும். மருந்து கொடுத்த சில நாட்கள் அவற்றைக் கட்டிவைத்து, சாணத்தை அள்ளிப் புதைக்க வேண்டும்.