1969 கேமரோ ரெஸ்டோமாட்: சில கோடைகள் ஓட்டிய பிறகு

டெட்ராய்ட் சுற்றுவட்டாரத் தமிழர்களில் கார் கம்பெனிகளில் வேலை பார்ப்பவர்கள் நிறையப் பேர். நானும் அவர்களில் ஒருவன். வீட்டில் பழைய மஸில் கார் நிற்கிறது என்று தெரிந்தவுடன் எல்லோரும் கேட்பது, "எத்தனை எச்.பி. (குதிரைத் திறன்)?" என்றுதான். 430 என்றதும் முகம் மலரும். வாங்கும் ஆசை உள்ளவர்கள் இன்னும் கொஞ்சம் தோண்டி, இன்ஜின் பெயர், கியர்பாக்ஸ் பெயர், பிரேக் என்ன பிராண்ட் என்று விசாரிப்பார்கள். இந்தக் காரோடு சில கோடைகள் பழகியதில் எனக்குத் தெளிவானது இதுதான்: அந்தப் பெயர்ப் பட்டியல் பெரும்பாலான ரெஸ்டோமாட் (பழைய உடம்புக்குள் புதுப் பாகங்கள் வைத்துச் செய்யும்) கார்களில் ஏறக்குறைய ஒன்றாகத்தான் இருக்கும். பணம் இருந்தால் யாரும் அதே பாகங்களை வாங்கிவிடலாம். 1969ஆம் வருட உடம்புக்குள் இன்றைய பாகங்களை எப்படிச் சேர்த்தார்கள் என்பதைப் பொறுத்துத்தான் அந்தக் கார் ரோட்டில் ஓடும், அல்லது கராஜிலேயே நிற்கும்.

என்னுடையது 1969 ஷெவர்லே கேமரோ, முதல் தலைமுறையின் கடைசி வருடம். ஒஹாயோ மாநிலத்தில் சின்சினாட்டியை ஒட்டிய நார்வுட் தொழிற்சாலையில் செய்தது. டிரைவர் பக்கம் முன்கண்ணாடி வழியாகப் பார்த்தால் வின் எண் (காரின் அடையாள எண்) தகடு தெரியும். அதில் 12437 என்று தொடங்கினால் வி8 கூப்பே, 12337 என்றால் ஆறு சிலிண்டர் கூப்பே. அடுத்த 9 வருடத்தைச் சொல்லும். அதற்குப் பின் 'என்' இருந்தால் நார்வுட், 'எல்' இருந்தால் கலிஃபோர்னியாவின் வான் நைஸ் தொழிற்சாலை. கார் எஸ்.எஸ். (சூப்பர் ஸ்போர்ட் என்ற உயர்ரக) மாடலா இல்லையா என்பதை மட்டும் அந்த எண் சொல்லாது. அதனால் கிரில்லில் எஸ்.எஸ். எழுத்து பளபளக்கிறதே என்று கூடுதல் பணம் கொடுத்துவிடாதீர்கள். அந்தக் காலத்துக் காகிதம் ஏதாவது இருந்தால்தான் அந்தப் பேச்சுக்கு மதிப்பு.

என் கார் சாதாரண வி8. அதன் பிறவி இன்ஜின் எப்போதோ கைமாறிப் போயிருந்தது. அப்படிப்பட்ட கார்தான் வேண்டும் என்று தேடி வாங்கினேன். பிறவி இன்ஜினும் கியர்பாக்ஸும் எண் மாறாமல் இருக்கிற ஒரு நல்ல காரை வெட்டி ரெஸ்டோமாட் ஆக்குவதில் எனக்குச் சம்மதமில்லை. அப்படி மிச்சமிருப்பவை கொஞ்சம்தான். அவை அப்படியே இருக்கட்டும்.

இன்ஜின் எல்.எஸ்.3, ஜி.எம். புதிதாகப் பெட்டியில் விற்கும் 6.2 லிட்டர் அலுமினிய வி8. 1969இல் கேமரோ எஸ்.எஸ்.ஸின் 350 கன அங்குல இன்ஜினுக்கு 300 எச்.பி. என்று விளம்பரம் செய்தார்கள். அந்தக் கணக்கு ஏர் ஃபில்டர், சைலன்சர் முதலியவை எதுவும் பூட்டாமல் டெஸ்ட் பெஞ்சில் எடுத்தது. 1972 மாடல்களிலிருந்துதான் எல்லாம் பூட்டி அளக்கும் நெட் கணக்கு வந்தது. ஆகவே 300க்கும் 430க்கும் நடுவே உள்ள உண்மையான தூரம் காகிதத்தில் தெரிவதைவிட மிகப் பெரியது.

ஆனாலும் என்னைத் தினமும் மகிழ்விப்பது அந்த 430 இல்லை. ட்ரெமெக் டி-56 மேக்னம் கியர்பாக்ஸின் ஆறாவது கியர்தான். அதன் விகிதம் 0.50. பின் ஆக்சில் 3.73. நெடுஞ்சாலையில் மணிக்கு 70 மைல் போகும்போது இன்ஜின் 1700 சுற்றுக்குப் பக்கத்தில் அமைதியாக ஓடிக்கொண்டிருக்கும். அந்தக் காலத்து நாலு கியர் பெட்டியில் டாப் கியர் ஒன்றுக்கு ஒன்று என்பதால், இதே வேகத்துக்கு, இதே ஆக்சிலோடு 3400 சுற்று ஆகும். காது அடைத்துப் போகும், பெட்ரோல் கரையும். வார இறுதியில் மெக்கினாக் பாலம் வரை போய் வரலாம் என்று மனைவியே சொல்கிறாள் என்றால் அதற்கு இந்த ஒரு கியர்தான் காரணம். டாப் கியரில் நிதானமாகப் போகும் அந்த ஓட்டத்தை ஒருமுறை அனுபவித்துவிட்டால் பழைய பெட்டி மேல் ஆசை வராது.

இப்போது இணைப்பு வேலைக்கு வருகிறேன். இந்தக் கியர்பாக்ஸ் கேமரோவின் தரைக்கு அடியில் அப்படியே உட்காராது. நடுவில் உள்ள டனலை, அதாவது தரையின் மேடான பகுதியை, வெட்டி உயர்த்த வேண்டும். உயர்த்தாமல் பெட்டியின் பின்பக்கத்தைத் தாழ்த்திப் பூட்டினால், சுழற்சியைப் பின் ஆக்சிலுக்குக் கொண்டுபோகும் டிரைவ் ஷாஃப்டின் கோணம் கெட்டுவிடும். என் கார் வந்த புதிதில் 60 மைலைத் தாண்டினால் தரையிலிருந்து ஒரு ரீங்காரம் எழும். சீட்டில் உட்கார்ந்திருந்தால் இடுப்பில் தெரியும். டயர் பேலன்ஸ் பார்த்தோம், ரிம் பார்த்தோம், மாறவில்லை. கோணமானி வைத்து அளந்தபோதுதான் விஷயம் வெளிப்பட்டது. கியர்பாக்ஸ் வெளிமுனையும் பின் ஆக்சில் பினியனும் (டிரைவ் ஷாஃப்ட் வந்து சேரும் பல்சக்கரத் தண்டு) ஒன்றுக்கொன்று இணையாக நிற்க வேண்டும். இரண்டு யுனிவர்சல் ஜாயிண்டிலும் கோணம் சமமாக இருந்தால்தான் ஒன்றின் ஏற்ற இறக்கத்தை இன்னொன்று சமன் செய்யும். என் காரில் பினியன் மூக்கு அதிகமாகத் தூக்கியிருந்தது. லீஃப் ஸ்பிரிங்குக்கும் ஆக்சிலுக்கும் நடுவே ஆப்பு வடிவத் தகடு வைத்ததும் ரீங்காரம் போயே போய்விட்டது. தகட்டின் விலை மிகச் சொற்பம். பளபளக்கும் பெயிண்டுக்கு அவ்வளவு உழைத்த, இந்தக் காரைச் செய்த பட்டறை இந்தக் கோணத்தை ஒருதரம் அளந்திருக்கலாம்.

அடுத்தது எர்த். முதல் தலைமுறை கேமரோவில் முன்பக்க சப்ஃபிரேம் (இன்ஜினைத் தாங்கும் சட்டம்) தனி. ரப்பர் புஷ் வைத்து உடம்போடு போல்ட் போட்டிருப்பார்கள். இன்ஜின் அந்த சப்ஃபிரேமில் உட்காருகிறது. அதாவது இன்ஜினுக்கும் உடம்புக்கும் நடுவே ரப்பர் நிற்கிறது. தடித்த எர்த் பட்டை ஒன்றை இன்ஜினிலிருந்து உடம்புக்குத் தனியாக இழுக்காவிட்டால் மின்சாரம் வேறு குறுக்கு வழி தேடும். ஹெட்லைட் போட்டால் பெட்ரோல் முள் ஆடுவது, ஏசி ஃபேன் ஓடும்போது இன்ஜின் கம்ப்யூட்டர் சம்பந்தமில்லாத எச்சரிக்கை காட்டுவது எல்லாம் இப்படித்தான் வரும். என் காரில் பட்டை இருந்தது. பவுடர் கோட்டிங்கைச் சுரண்டாமல் அதன் மேலேயே பூட்டியிருந்தார்கள். பெயிண்ட் வழியாக மின்சாரம் போகாது. உலோகம் தெரியச் சுரண்டி மறுபடி பூட்டியதோடு எல்லாக் கோளாறும் அடங்கியது. பழைய காரில் புது எலக்ட்ரானிக்ஸ் சண்டை போடுகிறது என்று யாராவது புலம்பினால் முதலில் எர்த் முனைகளைத் துடைக்கச் சொல்லுங்கள்.

சூட்டைப் பற்றிச் சொல்ல டெட்ராய்ட்டின் உட்வர்ட் அவென்யூவைவிட நல்ல இடம் இல்லை. அமெரிக்காவின் முதல் கான்கிரீட் நெடுஞ்சாலை மைல் 1909இல் போடப்பட்டது இந்தச் சாலையில்தான். அறுபதுகளில் இளைஞர்கள் ராத்திரி ராத்திரியாக இங்கே பந்தயம் விட்டார்கள். 1995 முதல் ஆகஸ்ட் மாதம் மூன்றாவது சனிக்கிழமை ட்ரீம் க்ரூஸ் என்ற பழைய கார் ஊர்வலம் நடக்கிறது. ஆயிரக்கணக்கான பழைய கார்கள் வெயிலில் ஊர்ந்து போகும். ஓரத்தில் பானெட்டைத் திறந்துவைத்து ஆவி பறக்க நிற்கும் கார்களில் லட்சம் டாலர் கார்களும் உண்டு. எல்.எஸ். இன்ஜினில் சிலிண்டர் ஹெட்டின் உச்சியில் ஆவி வெளியேற ஒரு சின்னத் துளை இருக்கும். அங்கிருந்து ரேடியேட்டருக்கோ கூலன்ட் டேங்குக்கோ ஒரு குழாய் போக வேண்டும். அதை அடைத்துவிட்டால் ஹெட்டுக்குள் காற்று தங்கி அந்த இடம் மட்டும் சூடேறும், டெம்பரேச்சர் மீட்டர் காட்டாது. ஃபேனைச் சுற்றி ஷ்ரவுட் (காற்றை ரேடியேட்டர் முழுதும் இழுக்க வைக்கும் உறை) இல்லையென்றால் நிற்கும்போது காற்று ரேடியேட்டரின் ஒரு மூலையில் மட்டும் போகும். என் காரில் இந்த இரண்டும் ஒழுங்காகச் செய்திருந்தார்கள். ஏசி போட்டபடியே மணிக்கணக்கில் ஊர்ந்திருக்கிறேன், முள் அசைந்ததில்லை.

பெட்ரோல் டேங்க் பலர் கவனிக்காத இடம். கார்புரேட்டருக்கு 6, 7 பி.எஸ்.ஐ. அழுத்தம் போதும். எல்.எஸ்.3க்கு 58 வேண்டும். பழைய டேங்கை வைத்துக்கொண்டு வெளியே ஒரு பம்பைத் தொங்கவிட்டிருந்தால், டேங்க் பாதிக்குக் கீழே வந்ததும் வளைவுகளில் பெட்ரோல் ஒருபக்கம் ஒதுங்கி இன்ஜின் திக்கும். பம்ப் டேங்குக்குள்ளேயே, தடுப்பு அறையோடு இருக்க வேண்டும். கீழே குனிந்து பார்த்தாலே தெரிந்துவிடும்.

பிரேக் நாலு சக்கரத்திலும் டிஸ்க். அன்று சாதாரண மாடலில் நாலும் டிரம்தான். நிற்கும் தூரம் இன்றைய கார்களோடு ஒப்பிட்டுப் பேசும்படி இருக்கிறது. ஆனால் ஏ.பி.எஸ். கிடையாது, ஏர்பேக் கிடையாது. எவ்வளவு செலவு செய்தாலும் இந்த உடம்பின் மோதல் பாதுகாப்பு 1969தான். முன்சீட்டுக்கு மூன்று முனை பெல்ட் மாற்றியிருக்கிறேன். பின்சீட்டில் மகளை ஏற்றி நெடுஞ்சாலைக்குப் போவதில்லை. இதில் எனக்கு விட்டுக்கொடுத்தல் இல்லை. மழை பெய்தால் கார் வெளியே வராது.

துரு பற்றி மிச்சிகனில் இருந்துகொண்டு சொல்லாமல் இருக்க முடியுமா? குளிர்காலத்தில் ரோட்டில் கொட்டும் உப்பு ஒரு சீசனிலேயே வேலையைக் காட்டும். கேமரோவில் முன்கண்ணாடிக்குக் கீழே உள்ள கௌல், பின்கண்ணாடி ஓரம், டிக்கித் தரை, பின் மட்கார்டின் அடிப்பகுதி ஆகியவை முதலில் போகும். மேலே பட்டி பூசிப் பெயிண்ட் அடித்தால் கண்ணுக்குத் தெரியாது, காந்தம் வைத்தால் ஒட்டாது. பெயிண்ட் கனம் அளக்கும் கருவி இன்னும் நல்லது. நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை என் கார் உறக்கத்தில். பெட்ரோலில் ஸ்டெபிலைசர், பேட்டரிக்கு டெண்டர் (சார்ஜ் குறையாமல் பார்த்துக்கொள்ளும் சின்னச் சார்ஜர்), எலி வயரைக் கடிக்காமல் இருக்கச் சுற்றிலும் பொறி. வரலாற்று வாகன நம்பர் பிளேட் வாங்கியிருக்கிறேன். கண்காட்சி, ஊர்வலம், க்ளப் நிகழ்ச்சிகளுக்கென்று தரும் பிளேட் அது. ஆகஸ்ட் மாதம் மட்டும் பொதுப் பயன்பாட்டுக்கும் ஓட்டலாம். தினசரி அலுவலகம் போய்வர நினைப்பவர்கள் சாதாரண பிளேட்தான் எடுக்க வேண்டும். இன்ஷூரன்ஸ் கட்டாயமாக ஒப்புக்கொண்ட மதிப்புப் பாலிசியாக (காரின் மதிப்பை முன்கூட்டியே பேசி முடிவு செய்வது) இருக்கட்டும். சாதாரணப் பாலிசியில் தேய்மானம் கழித்துவிடுவார்கள்.

விலை? நன்றாகச் செய்த 69 கேமரோ ரெஸ்டோமாட் ஒரு லட்சம் டாலரைத் தாண்டுவது இப்போது சாதாரணம். நாமே ஒரு துருப்பிடித்த காரை வாங்கிச் செய்தால் மிச்சம் என்று தோன்றும். உடம்பு வேலைக்கும் பெயிண்டுக்கும் ஆகும் கூலியைக் கூட்டிப் பார்த்தால் முடித்து வைத்த காரை வாங்குவதே பெரும்பாலும் லாபம். அந்த லாபம் நிற்க வேண்டுமானால் காருடன் ஒரு கோப்பு வர வேண்டும்: வயரிங் வரைபடம், எந்தப் பாகம் எந்த எண், உடம்பு வெறும் தகடாக இருந்தபோது எடுத்த படங்கள், இன்ஜின் கம்ப்யூட்டரின் ட்யூன் ஃபைல் (அதன் அமைப்புகள் உள்ள கோப்பு). பெல்ட் அறுந்தாலும் சென்சார் போனாலும் அந்த எண்ணைப் பார்த்துத்தான் உதிரிபாகக் கடையில் கேட்க முடியும். "1969 கேமரோ" என்று சொன்னால் கடைக்காரர் கொடுப்பது எதுவும் இந்தக் காருக்குப் பொருந்தாது.

பார்க்கப் போகும்போது வெயில் நாளாகத் தேர்ந்தெடுங்கள். விற்பவரை முன்கூட்டியே இன்ஜினைச் சூடாக்கி வைக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ஏசி, ஹெட்லைட், ஃபேன் எல்லாவற்றையும் போட்டபடி அரை மணி நேரம் டிராஃபிக்கில் ஓட்டுங்கள், பிறகு 70 மைலில் நெடுஞ்சாலையில். நிறுத்திப் பத்து நிமிடம் கழித்து மறுபடி ஸ்டார்ட் செய்யுங்கள். பின்னர் லிஃப்டில் ஏற்றி அடியைப் பாருங்கள். இதற்கெல்லாம் விற்பவர் தயங்கினால் அடுத்த காரைப் பார்க்கக் கிளம்பிவிடுங்கள். 1969இல் மட்டும் இரண்டு லட்சத்துக்கு மேல் கேமரோ செய்தார்கள்.