கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்: புது மருந்தா, பழைய மருந்துக்குப் புது வரிசையா?

கட்டி பெரிதாகிவிட்டது, ஆனால் தூரத்து உறுப்புகளுக்குப் போகவில்லை. இந்தக் கட்டத்துக்கு 1999 முதல் ஒரே வழிதான்: கதிர்வீச்சு, கூடவே சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்து. இருபது வருஷத்துக்கு மேல் இதைத் தாண்டி எதுவும் நிலைக்கவில்லை. 2024-இல் அடுத்தடுத்த மாதங்களில் இரண்டு ஆய்வுகள் உயிர்பிழைப்புக் கணக்கோடு வந்தன. இரண்டும் வேறு வேறு யோசனை.

முதலாவது, கீநோட்-ஏ18. சிஸ்பிளாட்டினோடும் கதிர்வீச்சோடும் பெம்ப்ரோலிசுமாப் என்ற இம்யூனோதெரபி மருந்தைச் சேர்த்தார்கள். நோய் எதிர்ப்பு அணுக்களைப் புற்றுநோய் தடுத்து வைக்கும் பிரேக்கை அது விடுவிக்கிறது. இந்த நோயைத் தூண்டுவது ஹெச்பிவி என்ற வைரஸ். அதன் புரதங்கள் புற்றுசெல்லிலேயே இருப்பதால், எதிர்ப்பு அணுக்களுக்கு அடையாளம் காண ஏதோ ஒன்று இருக்கிறது என்பது நம்பிக்கை. சுமார் 1,060 பேரில், மூன்று வருஷம் கழித்து உயிரோடு இருந்தவர்கள் 82.6%, மருந்து சேர்க்காத பக்கம் 74.8%.

இரண்டாவது, இன்டர்லேஸ். இதில் புது மூலக்கூறே இல்லை. காப்புரிமை எப்போதோ முடிந்த கார்போபிளாட்டின், பாக்லிடாக்சல் என்ற இரண்டு கீமோ மருந்துகளை வாரம் ஒரு முறை, ஆறு வாரம் முதலில் ஏற்றி, ஏழாவது வாரமே வழக்கமான கதிர்வீச்சுக்குப் போனார்கள். 500 பேரில், ஐந்து வருஷம் கழித்து உயிரோடு இருந்தவர்கள் 80%, வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்ற பக்கம் 72%.

இரண்டிலும் வித்தியாசம் ஏறக்குறைய எட்டுப் புள்ளி. உடனே சமம் என்று சொல்லிவிடக் கூடாது. ஏ18-இல் சேர்ந்தவர்கள் ஆபத்து கூடியவர்கள், பெரும்பாலோருக்கு நிணநீர்க் கணுவிலும் நோய். இன்டர்லேஸில் பெரும்பாலோர் இரண்டாம் நிலை. அதுபோக, இன்டர்லேஸுக்கு ஆள் சேர்க்க 2012 முதல் 2022 வரை ஆனது. அதற்குள் கதிர்வீச்சு முறையே மாறிவிட்டது என்ற விமர்சனமும் நியாயம்தான்.

விலையில் பழைய ஜோடியோடு போட்டியே இல்லை. அப்புறம் காலம்: பெம்ப்ரோலிசுமாப் கதிர்வீச்சோடு நிற்பதில்லை, ஆறு வாரத்துக்கு ஒரு தடவை என்று மொத்தம் இரண்டு வருஷம் இழுக்கும், தைராய்டு படுத்துக்கொள்வது சகஜம். இன்டர்லேஸ் ஆறே வாரம், ஆனால் கடுமையான பக்கவிளைவு 59% பேருக்கு, வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 48%. வெள்ளணு குறைந்து கதிர்வீச்சு தள்ளிப்போனால் வந்த லாபம் போய்விடும். ஏழாவது வாரம் கதிர்வீச்சுக்குப் படுக்கை உறுதியாகக் கிடைக்காத இடத்தில் அந்த வழியை ஆரம்பிக்கவே நான் தயங்குவேன்.

இம்யூனோதெரபி என்றாலே ஜெயிக்கும் என்றும் இல்லை. அதே வகை துர்வாலுமாபைக் கதிர்வீச்சோடு சேர்த்த காலா ஆய்வு நோயைத் தள்ளிப்போடவில்லை. என் ஓட்டு: மூன்றாம் நிலையில், வாங்க முடிந்தால் பெம்ப்ரோலிசுமாப், மற்ற இடங்களில் பழைய ஜோடி.

கீமோவுக்குப் பிறகு நோய் திரும்பினால் கணக்கே வேறு. டிசோட்டுமாப் வெடோட்டின், ஒரு எதிர்ப்புப் புரதத்தின் முதுகில் விஷத்தைக் கட்டி அனுப்பும் மருந்து, அங்கே சராசரி ஆயுளை 9.5 மாதத்திலிருந்து 11.5-க்குக் கொண்டுபோனது. அது தேடும் அடையாளம் கண்ணின் மேற்பரப்பிலும் இருக்கிறது. அதனால் மருந்து ஏறும்போது கண்களுக்கு மேல் குளிர்ந்த பட்டையும், மூன்று விதச் சொட்டு மருந்தும்.