கடையைத் திறக்கவா, ரயிலை ஓட்டவா: சுனாமிக்குப் பின் இவாத்தே மாகாணத்தின் நிதி முடிவுகள்

ஜப்பானின் வடகிழக்குக் கரையில் உள்ள ஓஃபுனாத்தோ நகரத்தின் சகாரி ரயில் நிலையத்தில், ஒரு பக்கம் தண்டவாளத்தின் மீது சான்ரிக்கு ரயில்வேயின் டீசல் வண்டி நிற்கிறது. சில அடி தள்ளி, முன்பு தண்டவாளம் கிடந்த தடத்தைச் சமன் செய்து சாலையாக்கியிருக்கிறார்கள். அங்கே பேருந்து வந்து நிற்கிறது. 2011 மார்ச் 11 அன்று சுனாமி வருவதற்கு முன்பு இரண்டுமே ரயில் பாதைகள்தான். ஒன்றை இவாத்தே மாகாணமும் கரையோர ஊராட்சிகளும் ரயிலாகவே மீட்டன. மற்றதை அதன் உரிமையாளரான ஜே.ஆர். கிழக்கு என்ற பெரிய தனியார் ரயில் நிறுவனம் தனித்தடப் பேருந்தாக மாற்றியது. இதே கரையில்தான், அரசின் மானியத்தைக் கொண்டு மீன் பதப்படுத்தும் ஆலைகளும் கடைகளும் மறுபடி எழுந்தன. தொழில் மீட்புக்கும் உள்ளூர் ரயிலுக்கும் ஒரு மாகாண அரசு பணம் ஒதுக்கும்போது என்னென்ன நேர்கின்றன என்பதை இவ்வளவு அருகருகே வைத்துப் பார்க்கக்கூடிய இடம் வேறு ஒன்று எனக்குத் தெரியவில்லை.

இத்தகைய நிதிப் பங்கீட்டைப் பற்றிப் பேசும்போது எதற்கு எத்தனை கோடி என்பதோடு பேச்சு நின்றுவிடுகிறது. இவாத்தேயின் அனுபவத்தைப் படிக்கப் படிக்க, தொகையைவிட அந்தப் பணத்தின் தன்மைதான் முக்கியம் என்ற முடிவுக்கே நான் வந்திருக்கிறேன். பேரிடருக்குப் பின் மத்திய அரசிடமிருந்து வருவது ஒருமுறைப் பணம். கடையும் ஆலையும் கேட்பதும் பெரும்பாலும் ஒருமுறைப் பணம்தான். ஆனால் அது தாமதமாக வந்தால் பயனில்லை. ரயில் கேட்பதோ, பாதையைச் சீர்செய்ய ஒரு தொகையும், அதன்பின் ஒவ்வோர் ஆண்டும் ஓட்டத்துக்கு ஒரு தொகையும். முதல் தொகைக்கு மத்திய அரசு கை கொடுக்கும். இரண்டாவது தொகை மாகாணத்தின் தலையில்தான் விழும்.

தொழில் மீட்புக்கு ஜப்பான் வகுத்த முக்கியமான திட்டம் ‘குழு மானியம்’ என்று வழங்கப்படுகிறது. தனி முதலாளி ஒருவர் விண்ணப்பிக்க முடியாது. ஒரு துறைமுகத்தையோ கடைத்தெருவையோ சார்ந்த சிறு, நடுத்தர நிறுவனங்கள் ஒன்றாகச் சேர்ந்து ஒரு மீட்புத் திட்டம் எழுதி, மாகாண அரசின் அங்கீகாரத்தைப் பெற வேண்டும். பெற்றுவிட்டால், இடிந்த கட்டடத்தையும் இயந்திரங்களையும் மீண்டும் அமைக்கும் செலவில் பாதியை மத்திய அரசும் கால்பங்கை மாகாணமும் தரும். மீதிக் கால்பங்குக்கு வட்டியில்லாக் கடனுக்கும் வழி இருந்தது. அதற்கு முன்பு ஜப்பானிய அரசு தனியார் சொத்தைக் கட்டித் தருவதை அநேகமாகத் தவிர்த்தே வந்தது. பொதுப் பணம் தனியார் கைக்குப் போகக் கூடாது என்பது அங்கே வேரூன்றிய கொள்கை. குழுவாக வந்தால்தான் பணம் என்ற விதியே அந்தக் கொள்கைக்கும் தேவைக்கும் இடையில் போடப்பட்ட பாலம் என்று சொல்லலாம். மீன்பிடிப் படகு, பனிக்கட்டி ஆலை, குளிர்பதனக் கிடங்கு, பெட்டி செய்பவர், லாரிக்காரர் என்று ஒருவரில்லாமல் மற்றவர் இயங்க முடியாத கரையில் அந்த விதி நடைமுறைக்கும் பொருந்தியது.

ஆனால் இந்தத் திட்டத்தில் இரண்டு குறைகள் ஆழமாகப் பதிந்திருந்தன. முதலாவது, மானியம் ‘பழைய நிலைக்குக் கொண்டுவர’ மட்டுமே என்ற நிபந்தனை. சுனாமிக்கு முன்பு ஒருவரிடம் கடற்பாசி உலர்த்தும் இயந்திரம் இருந்திருந்தால், அதே திறனுள்ள அதே வகை இயந்திரத்துக்குத்தான் பணம். அந்தச் சரக்கை வாங்கிக்கொண்டிருந்த மொத்த வியாபாரி இதற்குள் வேறு ஊர்க்காரரிடம் வாங்கப் பழகியிருந்தாலும், அவர் திரும்பி வரப்போவதில்லை என்று தெரிந்திருந்தாலும், வேறு தொழிலுக்கு ஏற்ற இயந்திரத்தை வாங்க இடமில்லை. 2015-இல்தான் புதிய துறைகளுக்கு மாற விரும்புவோருக்காக இந்த நிபந்தனை தளர்த்தப்பட்டது. நான்கு ஆண்டுகள் என்பது ஒரு சிறு தொழிலின் வாழ்நாளில் மிக நீண்ட காலம்.

இரண்டாவது குறை நிலத்தைச் சார்ந்தது. ரிக்குசென்தகாதா போன்ற ஊர்களில் நகரின் நடுப்பகுதியையே பத்து மீட்டருக்கும் மேல் மண் கொட்டி உயர்த்த முடிவெடுத்தார்கள். மலையை வெட்டி, ஆற்றின் குறுக்கே பிரம்மாண்டமான மண் கடத்தும் பட்டையை அமைத்து மண்ணைக் கொண்டுவந்தார்கள். அந்த மேடு அமையும் வரை கடைக்காரர் எங்கே கட்டுவார்? மானியம் அங்கீகரிக்கப்பட்டிருந்தும் கடைக்கால் போட மனை இல்லை. இந்த இடைவெளியை ஓரளவு அடைத்தது, சிறுதொழில்களுக்கான அரசு அமைப்பு கட்டி இலவசமாகக் கொடுத்த தற்காலிகக் கடைத்தெருக்கள்தான். தகரக் கூரையின் கீழ் ஒரு முடிதிருத்தும் கடை, பக்கத்தில் ஒரு மளிகைக் கடை, அதற்கடுத்து ஒரு சிற்றுண்டிக் கடை என்று அவை இயங்கின. மானியத் திட்டங்களைப் பற்றிய அலசல்களில் இந்தத் தற்காலிகக் கடைகளுக்கு ஒரு வரிக்கு மேல் இடம் கிடைப்பதில்லை; செலவுக்கும் பலனுக்கும் உள்ள பொருத்தத்தைப் பார்த்தால் இவைதாம் முதலில் பேசப்பட வேண்டியவை என்பது என் எண்ணம்.

மானியத்துக்கு மாற்றாகவோ துணையாகவோ இன்னொரு வழியும் இருந்தது. கடலோடு போன ஆலைக்கு வாங்கிய கடன் கடலோடு போகவில்லை. புதிய ஆலைக்குப் புதிய கடன் வாங்கினால் சுமை இரட்டிப்பாகும். இதற்காக, பழைய கடனை வங்கியிடமிருந்து வாங்கிக்கொண்டு, தவணையைத் தள்ளி வைக்கும் அமைப்பு ஒன்று 2011 நவம்பரில், நாட்டிலேயே முதலாவதாக, இவாத்தேயில் உருவானது. அடுத்த ஆண்டு தேசிய அளவிலும் அத்தகைய அமைப்பு வந்தது. மானியம் இயந்திரத்தைத் தந்தது. கடன் கொள்முதல் மூச்சுவிட நேரத்தைத் தந்தது. இரண்டும் தராத ஒன்று வாடிக்கையாளர். மீன் பதப்படுத்தும் துறையில் கட்டடமும் எந்திரமும் திரும்பிய வேகத்தில் விற்பனை திரும்பவில்லை. பளபளக்கும் புதுக் குளிர்பதன அறை, ஆனால் முழு அளவில் ஓடாத உற்பத்தி வரிசை என்ற நிலைமையைப் பல நிறுவனங்கள் சந்தித்தன. மானியத்தில் வாங்கிய சொத்தை அனுமதியின்றி விற்கவும் முடியாது. விற்றால் மானியத்தைத் திருப்பிக் கட்ட நேரிடும்.

இனி ரயில். சான்ரிக்கு ரயில்வே 1984-இல் ஓடத் தொடங்கியது; மாகாணம், ஊராட்சிகள், தனியார் ஆகியோர் சேர்ந்து நடத்தும் இந்த நிறுவனத்தில் இவாத்தே மாகாணம்தான் மிகப் பெரிய பங்குதாரர். தொடக்கப் பத்தாண்டு லாபம் கண்ட பிறகு, மக்கள்தொகை குறையக் குறைய நட்டத்திலேயே ஓடியது. அப்படிப்பட்ட நிறுவனம் சுனாமி வந்த ஐந்தாம் நாள், மார்ச் 16 அன்று, குஜிக்கும் ரிக்குச்சூ-நோதாவுக்கும் இடையே வண்டியை ஓட்டியது. மார்ச் 20-இல் மியாகோவிலிருந்து தாரோ வரை. அந்த நாட்களில் கட்டணம் வாங்கவில்லை. சாலைகள் இடிபாடுகளால் அடைபட்டு, பெட்ரோல் கிடைக்காமல், உறவினரைத் தேடி மக்கள் நடந்துகொண்டிருந்த நேரம் அது. மானிய விண்ணப்பம் அச்சாவதற்கு வெகு நாள் முன்பே, கையிருப்பில் இருந்த வண்டியையும் டீசலையும் பணியாளர்களையும் கொண்டு செய்த இந்தச் சேவைக்கு ஆன செலவு, பின்னால் வந்த பெருந்தொகைகளுக்கு முன் ஒன்றுமேயில்லை.

முழுப் பாதையும் மீள 2014 ஏப்ரல் வரை ஆனது. செலவு ஏறத்தாழ 900 கோடி யென். வழக்கமான விதிப்படி பேரிடரில் சேதமான ரயில் பாதையின் சீரமைப்பில் மத்திய அரசு கால்பங்கும் உள்ளூர் அரசுகள் கால்பங்கும் தர, நிறுவனம் பாதியைச் சுமக்க வேண்டும். நட்டத்தில் ஓடும் சான்ரிக்குவால் அது ஆகாத காரியம். அதனால், சீர்செய்த கட்டமைப்பை உள்ளூர் அரசுகளே உடைமையாக வைத்துக்கொள்வது என்ற ஏற்பாட்டில் மத்திய அரசு பாதியும் உள்ளூர் அரசுகள் பாதியும் ஏற்றன. உள்ளூர்ப் பங்கையும் சிறப்பு வரிப் பகிர்வின் மூலம் மத்திய அரசு பெருமளவு ஈடுகட்டியது. குவைத் அரசு மீட்புக்கென வழங்கிய உதவியிலிருந்து புதிய பெட்டிகளும் வந்தன. அவற்றின் பக்கவாட்டில் நன்றி வாசகம் இன்றும் எழுதப்பட்டிருக்கிறது.

இரண்டையும் அருகருகே வைத்தால் ஓர் ஒற்றுமை பளிச்சென்று தெரிகிறது: ஆலையும் சரி, ரயிலும் சரி, பழைய நிலைக்குத் திரும்பின, அவற்றைப் பயன்படுத்தியவர்கள் முழுவதும் திரும்பவில்லை. 2010-இல் 13.3 லட்சமாக இருந்த இவாத்தேயின் மக்கள்தொகை 2020-இல் 12.1 லட்சமாகக் குறைந்தது. கரையோர ஊர்களின் இழப்பு விகிதம் இன்னும் அதிகம். வேற்றுமை எங்கே என்றால், ஆலை நொடித்தால் அதன் உரிமையாளரும் வங்கியும் நட்டத்தைச் சுமப்பார்கள்; மாகாணம் கொடுத்தது கொடுத்ததாகவே முடியும். ரயில் நொடித்தால் மாகாணம் மேலும் கொடுக்க வேண்டும், அல்லது தானே மீட்டதைத் தானே மூட வேண்டும்.

இந்த வேற்றுமையின் கனம் முழுவதும் தெரிவது யமாதா பாதையின் கதையில். மியாகோவுக்கும் காமாயிஷிக்கும் இடையே 55 கிலோமீட்டர் நீளமுள்ள இந்தப் பாதை ஜே.ஆர். கிழக்கு நிறுவனத்துக்குச் சொந்தமாக இருந்தது. இதே கரையில் தனக்குச் சொந்தமான கெசென்னுமா பாதை, சகாரியில் முடியும் ஓஃபுனாத்தோ பாதை ஆகியவற்றைப் போலவே இதையும் பேருந்தாக மாற்றலாம் என்று நிறுவனம் சொன்னபோது கரையோர ஊராட்சிகள் மறுத்தன. நீண்ட பேச்சுக்குப் பிறகு, நிறுவனம் பாதையைச் சீர்செய்து சான்ரிக்குவிடம் ஒப்படைப்பது, கூடவே 300 கோடி யென் கொடுப்பது என்று முடிவானது. சீரமைப்பின் மதிப்பீடு ஏறத்தாழ 2,100 கோடி யென்; அதில் மூன்றில் இரண்டு பங்கு நிறுவனத்தின் பொறுப்பு. 2019 மார்ச் 23 அன்று பாதை திறந்தது. சகாரி முதல் குஜி வரை 163 கிலோமீட்டர் ஒரே நிர்வாகத்தின் கீழ் வந்தது.

பேருந்து அணியின் கணக்கு வேறு. கெசென்னுமா பாதையில் 2012 ஆகஸ்டிலும் ஓஃபுனாத்தோ பாதையில் 2013 மார்ச்சிலும் தனித்தடப் பேருந்து ஓடத் தொடங்கிவிட்டது. இவற்றை ரயிலாக மீட்பதற்கு நிறுவனம் காட்டிய மதிப்பீடு முறையே 7,000 கோடி, 4,000 கோடி யென். பேருந்து ரயிலைவிட அடிக்கடி வந்தது; மருத்துவமனை வாசலுக்கும் நகராட்சி அலுவலகத்துக்கும் புதிய நிறுத்தங்கள் வைக்க முடிந்தது; நகரம் மேட்டுக்கு இடம்பெயர்ந்தபோது நிறுத்தமும் கூடவே பெயர்ந்தது. யமாதா பாதைக்காகக் காத்திருந்த எட்டு ஆண்டுகளில், மூன்றாண்டு உயர்நிலைப் பள்ளிக்குள் நுழைந்து படித்து வெளியேறிய முழுத் தொகுதிகள் ஆறு. உள்ளூர் ரயிலின் முதன்மையான பயணிகளே அந்த மாணவர்கள்தாம். ஊராட்சிகளின் பிடிவாதத்தை நான் மதிக்கிறேன். வரைபடத்திலிருந்து ரயில் மறைந்தால் ஊரும் மறைந்துவிடும் என்ற அவர்களின் அச்சம் பொய்யானதல்ல. ஆயினும் அந்த எட்டு ஆண்டுகளின் விலையை அவர்கள் தரப்புக் கணக்கில் நான் காணவில்லை.

பேருந்துக்கும் எல்லாம் நலமாக முடியவில்லை. அதன் பயணிகள் எண்ணிக்கையும் குறைந்தே வந்தது. 2024 ஏப்ரல் முதல் ஓட்டுநர்களின் கூடுதல் பணி நேரத்துக்கு ஆண்டுக்கு 960 மணி என்ற உச்சவரம்பு வந்த பின் ஓட்டுநர் கிடைப்பது ஜப்பான் முழுவதிலும் கடினமாகியிருக்கிறது. போதாக்குறைக்கு, செந்தாயிலிருந்து ஹாச்சினோஹே வரை 359 கிலோமீட்டர் நீளும் கரையோர நெடுஞ்சாலை, மீட்புத் திட்டங்களின் முதுகெலும்பு என்ற பெயரில் விரைந்து கட்டப்பட்டு, 2021 டிசம்பரில் முழுமை பெற்றது. சுங்கம் ஏறத்தாழ எங்கும் இல்லை. மீன் லாரிக்கு அது வரப்பிரசாதம். ரயிலுக்கும் பேருந்துக்கும் அது போட்டி. ஒரு கையால் ரயிலைத் தூக்கி நிறுத்திய அரசு மறு கையால் அதன் பயணிகளைக் காருக்கு அனுப்பியது என்று சொன்னால் அது மிகையாகாது. தொழில் மீட்பு, ரயில், சாலை ஆகிய மூன்றும் மூன்று அலுவலகங்களில் தனித்தனியே தீர்மானிக்கப்பட்டதன் விளைவு இது.

அதே வடகிழக்கு வட்டாரத்தைச் சேர்ந்த ஃபுகுஷிமா மாகாணம் ததாமி ரயில் பாதையில் செய்தது இங்கே ஒப்பிடத் தக்கது. 2011 ஜூலை வெள்ளத்தில் சேதமான அந்தப் பாதை 2022 அக்டோபர் 1 அன்று திறந்தது. அதிலும் பேருந்தா ரயிலா என்ற வாதம் நீண்டது. ஆனால் ரயில்தான் வேண்டும் என்று முடிவெடுத்தபோதே, பாதையின் பராமரிப்புச் செலவில் ஏழு பங்கு மாகாணத்துக்கு, மூன்று பங்கு வழியிலுள்ள ஊராட்சிகளுக்கு என்று ஆண்டுச் சுமை எழுத்தில் பிரிக்கப்பட்டது. அந்தத் தொகை நியாயமானதா என்று ஆண்டுதோறும் விவாதிக்கலாம். யார் கட்டுவது என்று விவாதிக்க வேண்டியதில்லை. யமாதா ஒப்பந்தத்தின் 300 கோடி இதற்கு நேர்மாறானது. அது தீர்ந்துபோகும் பணம். பாதையோ தீராத செலவு.

ஆகவே இவாத்தேயின் இடத்தில் இருந்து பங்கிட வேண்டுமானால், ஒருமுறைப் பணத்தில் முதல் கையளவைத் தற்காலிகக் கடைகளுக்கும் கடன் கொள்முதலுக்கும் கொடுப்பேன். குழு மானியத்தை முதல் நாளிலிருந்தே தொழில் மாறுவோருக்கும் திறந்து வைப்பேன். ரயிலில், ஐந்தாம் நாள் ஓடிய துண்டுப் பாதைகளுக்குக் கேள்வியே கேட்க மாட்டேன். நீண்ட சீரமைப்புக்கு ஒப்புக்கொள்ளும் முன், அடுத்த இருபது ஆண்டுகளின் ஓட்டச் செலவில் தன் பங்கை ஒவ்வோர் ஊராட்சியும் வரவு செலவுத் திட்டத்தில் எழுதிக் கையெழுத்திட வேண்டும் என்று கேட்பேன். எழுத மறுக்கும் இடத்தில், அடுத்த ஆண்டே ஓடத் தொடங்கும் பேருந்தைத் தேர்ந்தெடுப்பேன்.

யமாதா பாதை திறந்து ஏழு மாதம்கூட ஆகவில்லை. 2019 அக்டோபரில் வந்த ஹகிபிஸ் சூறாவளி புதுப் பாதையின் அடியிலிருந்த மண்ணை அரித்துச் சென்றது. மறுபடியும் சீரமைப்பு, மறுபடியும் மானியம். 2020 மார்ச் 20 அன்று சகாரியிலிருந்து குஜி வரை வண்டி மீண்டும் ஓடியது. அதற்குப் பன்னிரண்டு நாள் கழித்து, ஏப்ரல் 1 அன்று, அதே சகாரி நிலையத்தின் மறுபக்கத் தடம் ரயில் பாதை என்ற சட்டத் தகுதியை முறைப்படி இழந்தது.