பி850-ஆ, எக்ஸ்870-ஆ? கேமிங் கணினிக்கு மதர்போர்டு தேர்வு

ஏஎம்டி ப்ராசஸர்தான் என்று முடிவாகிவிட்டால் அடுத்து வருகிற குழப்பம் இது: பி850 சிப்செட் உள்ள போர்டா, எக்ஸ்870 உள்ளதா? சிப்செட் என்பது யூஎஸ்பி, எஸ்எஸ்டி போன்றவற்றை ப்ராசஸரோடு இணைக்க போர்டிலேயே இருக்கும் சிப். ப்ராசஸர் உட்காரும் ஏஎம்5 சாக்கெட்டில் இரண்டுமே ரைசன் 7000, 8000, 9000 வரிசைகளை ஏற்கும். இரண்டுக்கும் டிடிஆர்5 ரேம்தான். ஓவர்கிளாக் செய்யவும் (ப்ராசஸரைக் குறித்த வேகத்துக்கு மேல் ஓட்டவும்) இரண்டும் விடும். இன்டெல் பக்கம் என்றால் அதற்கென்றே இசட் வரிசை போர்டு தேட வேண்டும். அட, உள்ளே இருக்கிற சிப்பே ஒன்றுதான்: ப்ரோமொன்டரி 21. எஃப்பிஎஸ்ஸில் (நொடிக்கு எத்தனை ஃப்ரேம் என்பதில்) வித்தியாசம் பார்க்கவே முடியாது.

சரி, எக்ஸ்870-க்கு ஏன் கூடுதல் விலை? அதில் யூஎஸ்பி4 என்ற அதிவேக போர்ட் கட்டாயம். கிராபிக்ஸ் கார்டு ஸ்லாட்டும் பிசிஐஇ (கார்டு, எஸ்எஸ்டியை இணைக்கும் முறை) 5.0-ஆகவே இருக்கும். பி850-இல் அந்த ஸ்லாட் 4.0-ஆகவும் இருக்கலாம்; எஸ்எஸ்டி மாட்டும் எம்.2 ஸ்லாட்டில்தான் 5.0 உறுதி. கேம் ஆட 4.0 x16 (16 லேன், அதாவது தரவு போகும் பாதை) தாராளம்.

விஷயம் யூஎஸ்பி4-இல்தான் இருக்கிறது. ரைசன் 7000, 9000 வரிசை ப்ராசஸர்களில் நாம் பயன்படுத்தக் கிடைப்பது 24 லேன்கள். கிராபிக்ஸ் கார்டுக்கு 16, முதல் எம்.2-க்கு 4 போனால் மீதி 4. எக்ஸ்870-இல் அந்த நாலையும் யூஎஸ்பி4 வாங்கிக்கொள்கிறது. இரண்டாவது எம்.2-இல் எஸ்எஸ்டி போட்டால் சில போர்டுகளில் யூஎஸ்பி4 வேகம் பாதியாகும், சிலவற்றில் கிராபிக்ஸ் கார்டு x16-இலிருந்து x8-க்கு இறங்கும். காசு கூடக் கொடுத்து இந்தப் பங்காளிச் சண்டையையும் வாங்குவானேன்? எந்த ஸ்லாட் எதோடு பங்கு போடுகிறது என்பது மேனுவலில், பெரும்பாலும் சின்ன எழுத்து அடிக்குறிப்பாக இருக்கும். வாங்குமுன் படித்துவிடுங்கள்.

ப்ராசஸருக்கு மின்சாரம் தருகிற விஆர்எம்மை சிப்செட் பெயர் தீர்மானிப்பதில்லை. 120 வாட் டிடிபி (குளிரூட்டக் கணக்கிடும் வெப்ப அளவு) கொண்ட 9800எக்ஸ்3டி ப்ராசஸருக்கு ஹீட்சிங்க் ஒழுங்காக உள்ள பி850 போதும். 170 வாட் 9950எக்ஸ்3டி என்றால் அந்த போர்டின் விஆர்எம் வெப்பச் சோதனையைத் தேடிப் பாருங்கள். மலிவு பி850-இல் கை வைப்பது வேறு இடங்களில்: பின்பக்க யூஎஸ்பி குறையும், பிழை எண் காட்டும் சின்னத் திரை இருக்காது.

ரேம் ஸ்லாட் நாலு இருக்கிறதா என்று ரொம்ப அலட்டிக்கொள்ள வேண்டாம். ஏஎம்5-இல் நாலையும் நிரப்பினால் வேகம் நன்றாகவே இறங்கும். இரண்டு ஸ்டிக்காக 6000 வேக ரேம் வாங்கி, ப்ராசஸர் பக்கமிருந்து எண்ணி இரண்டாவதிலும் நாலாவதிலும் போடுங்கள்.

என் ஓட்டு பி850-க்கு. யூஎஸ்பி4 டாக், வெளி எஸ்எஸ்டி என்று தினமும் புழங்குகிறவர்கள் மட்டும் எக்ஸ்870 பக்கம் போகலாம். அப்புறம், 2022-இல் வந்த பி650 சல்லிசாகக் கிடைத்தால் அதுவும் மோசமில்லை. ஆனால் 9000 வரிசைக்கு அதில் புது பயாஸ் (போர்டைத் தொடங்கிவைக்கும் மென்பொருள்) வேண்டும். ஆகவே பின்பக்கம் பயாஸ் ஃப்ளாஷ்பேக் பட்டன் உள்ளதாகப் பாருங்கள். பென்டிரைவும் பவர் சப்ளையும் இருந்தால் போதும், ப்ராசஸரை மாட்டாமலே ஏற்றிவிடலாம்.