ஜப்பானில் பழைய வீடு வாங்குகிறவர்களே, முன்பணம் கட்டும் முன் சாலையைப் பாருங்கள்

ஜப்பானில் மலிவு விலையில் பழைய வீடு ஒன்றைப் பேசி வைத்திருப்பவர்கள், 'தெட்சுகே' என்கிற முன்பணத்தைக் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். எனக்கு இதையெல்லாம் அப்போது யாரும் சொல்லவில்லை.

தோக்கியோவின் நிஷி கசாயில் எட்டு ஆண்டுகளாக வாடகைக்குக் குடியிருக்கிறோம். 2025 கோடையில், தோக்கியோவுக்குத் தெற்கே கடலோர நகரான யோகோசுகாவில் ஒரு மரவீடு விற்பனைக்கு வந்தது. 1968இல் கட்டியது, மாடி உண்டு, விலை 48 லட்சம் யென். கார் போகும் சாலையிலிருந்து அறுபதுக்கு மேல் படிகள் ஏற வேண்டும். ஏறி நின்றால் கடல் தெரியும். என் மனைவிக்கு அங்கிருந்து கிளம்பவே மனம் வரவில்லை.

வங்கி கடன் தர மறுத்தது. "நீங்கள் வெளிநாட்டவர், நிரந்தர வசிப்புரிமையும் இல்லை, அதனால்தான்" என்றார் வீட்டு முகவர். நம்பிவிட்டேன். வாடகைக்கு வீடு தேடிய நாட்களில் 'வெளிநாட்டவருக்குத் தருவதில்லை' என்று எத்தனை முறை கேட்டிருக்கிறோம்! அந்தக் காயம் இருந்த இடத்தில் அவர் சொன்னது அப்படியே பொருந்திக்கொண்டது. கையிலிருந்த சேமிப்போடு அண்ணன் அனுப்பிய பணத்தையும் சேர்த்து ரொக்கமாகவே வாங்கினேன்.

ஒப்பந்தத்துக்கு முன்பு, உரிமம் பெற்ற ஒருவர் சொத்தின் முக்கிய விவரங்களைப் படித்து விளக்க வேண்டும் என்பது இங்கே சட்டம். 'ஜூயோ ஜிகோ செட்சுமெய்' என்பார்கள். எனக்கு அது கையெழுத்திடும் அன்று காலையில்தான் நடந்தது. இருபதுக்கும் மேற்பட்ட பக்கங்கள், எல்லாம் ஜப்பானிய மொழியில். எனக்குக் கடைக்குப் போய்வரும் அளவுக்குப் பேச்சு வரும். சட்ட மொழி படிக்க வராது. உடன் வந்த ஆங்கிலம் பேசும் ஊழியர், "வழக்கமான விதிகள்தான். வாங்குபவர் வெளிநாட்டவர் என்பதால் தாள்கள் கொஞ்சம் அதிகம்" என்றார். கையெழுத்துக்குப் பதிலாக என் முத்திரையைக் குத்தினேன்.

உண்மையைச் சொன்னவர் ஒரு தச்சர். கூரை மரங்களைக் கரையான் அரித்திருந்தது. வேலைக்கு விலை சொல்லும் முன் நகராட்சியின் கட்டட வழிகாட்டுப் பிரிவில் விசாரித்துவிட்டு வந்து, "இந்த வீடு சைகென்சிக்கு ஃபுக்கா. தெரிந்துதான் வாங்கினீர்களா?" என்று கேட்டார். மறுபடி கட்ட முடியாத மனை என்று பொருள். மனைவியின் முகத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை.

நானே அந்தப் பிரிவுக்குப் போய்க் கேட்டேன். 1950ஆம் ஆண்டின் கட்டடச் சட்டப்படி, குறைந்தது 4 மீட்டர் அகலமுள்ள சாலையை மனை 2 மீட்டராவது தொட்டிருக்க வேண்டும். பழைய குறுகிய தெருக்களுக்குச் சில விலக்குகள் உண்டு. எங்கள் படிக்கட்டுப் பாதை சட்டத்தின் கண்ணில் சாலையே அல்ல. வீடு எரிந்தாலும் இடிந்தாலும் அங்கே வேறு வீடு கட்ட அனுமதி கிடைக்காது. 2025 ஏப்ரல் முதல் மாடியுள்ள மரவீடுகளில் பெரிய அளவில் பழுது பார்ப்பதற்கும் கட்டட அனுமதி தேவை என்றாகிவிட்டது. அந்த அனுமதி இந்த மனைக்கு எப்படிக் கிடைக்கும்? வீட்டை இடித்துப்போட்டால் குடியிருப்பு நிலத்துக்கான சொத்து வரிச் சலுகையும் போய்விடும். வைத்திருக்கவும் முடியவில்லை, இடிக்கவும் முடியவில்லை.

வங்கிகள் இத்தகைய மனைக்குப் பொதுவாகவே கடன் தருவதில்லை என்பதும் பிறகுதான் தெரிந்தது.

முகவரிடம் போய்ச் சண்டையிட்டேன். அவர் நான் முத்திரை குத்திய விளக்கத் தாளை எடுத்து ஒரு வரியைக் காட்டினார். மறுபடி கட்ட முடியாது என்று அங்கே எழுதியிருந்தது. பக்கத்தில் என் முத்திரை. ஜப்பானிய விளம்பரத் தாளிலும் குறிப்புக் கட்டத்தில் சிறிய எழுத்தில் இருந்தது. எனக்குத் தந்த ஆங்கிலத் தாளில் மட்டும் அந்த வரி இல்லை. இதை மறதி என்று என்னால் ஏற்க முடியாது.

வெளிநாட்டவர் வீடும் நிலமும் வாங்க ஜப்பானில் பொதுவாகத் தடை ஏதும் இல்லை, விசாகூடத் தேவையில்லை. வாங்குவதால் விசாவும் கிடைக்காது. ஆகவே நீங்கள் கேட்கிற ஒவ்வொரு கேள்விக்கும் 'நீங்கள் வெளிநாட்டவர் என்பதால்' என்றே பதில் வந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். என் விஷயத்தில் குறை முழுவதும் மனையில் இருந்தது.

அந்த விளக்கத் தாளைக் கையெழுத்துக்கு ஒரு வாரம் முன்பே கேட்டு வாங்கி, முகவருக்குச் சம்பந்தமில்லாத ஒருவரிடம் கொடுத்து வரி வரியாகப் படிக்கச் சொல்லுங்கள். மனை எண்ணை எடுத்துக்கொண்டு நீங்களே நகராட்சிக்குப் போய், 'முன்னால் இருப்பது கட்டடச் சட்டப்படி சாலையா, இங்கே மறுபடி கட்டலாமா' என்று கேளுங்கள். நான் போனபோது வரைபடத்தை விரித்து அரை மணி நேரத்தில் சொல்லிவிட்டார்கள். கூடவே, சொத்து வாங்கியதற்கான வரிக் கடிதம் பல மாதங்கள் கழித்து வரும். அதற்கும் தனியாகப் பணம் எடுத்து வையுங்கள்.

எங்களுக்கும் சாலைக்கும் நடுவில் ஒரு பாட்டியின் தோட்டம் இருக்கிறது. அதில் 2 மீட்டர் அகலத்துக்கு ஒரு துண்டு கிடைத்தால் எங்கள் மனை சாலையைத் தொட்டுவிடும். போன வாரம் போய்க் கேட்டோம். தேநீர் கொடுத்து உட்காரவைத்தார். ஓசாகாவில் இருக்கும் மகனைக் கேட்டுச் சொல்கிறேன் என்றிருக்கிறார்.